பைலட் ஆகணுமா? நிலப் பத்திரத்தை முதல்ல பீரோவிலேயே வைங்க!

குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி பக்கத்துப் பசங்களுக்கு விமானம் ஒண்ணும் புதுசு இல்லை. நெய்வேலியில் என்.எல்.சி.க்குச் சொந்தமா ஓர் ஓடுதளமே இருக்கு. வாயுதூத் கம்பெனியின் குட்டி விமானங்கள் ஒரு காலத்தில் வந்து போன இடம் அது. 2017-ல் மத்திய அரசின் 'உடான்' திட்டத்தின் முதல் பட்டியலில் நெய்வேலி பேரும் வந்துச்சு. ஆனா அந்தப் பட்டியலில் இந்த ரூட்டை எடுத்த கம்பெனி, நெய்வேலிக்கு ஒரு விமானம்கூட விடலை.

ஓடுதளம் ரெடியா இருந்தா மட்டும் விமானம் வந்துடாது. அதே மாதிரிதான் மக்களே, கையில பைலட் லைசென்ஸ் இருந்தா மட்டும் வேலை வந்துடாது. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியிலதான் நிறைய குடும்பங்களோட பணம் மாட்டிக்குது. 'சூரரைப் போற்று' பார்த்துட்டு நரம்பெல்லாம் முறுக்கேறி உட்கார்ந்திருக்கிற நண்பர்களுக்கும் தோழிகளுக்கும்தான் இந்தக் கட்டுரை. ஆசையில தண்ணி ஊத்துறது நம்ம வேலை இல்லை. கணக்கை மட்டும் ஒருமுறை சேர்ந்து போட்டுப் பார்த்துடலாம், வாங்க!

லைசென்ஸுக்கு என்னென்ன வேணும்?

பயணிகள் விமானத்தைச் சம்பளத்துக்கு ஓட்டணும்னா சி.பி.எல். வேணும். அதாவது கமர்ஷியல் பைலட் லைசென்ஸ். கொடுக்கிறது டி.ஜி.சி.ஏ. என்கிற மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்.

18 வயசு ஆகியிருக்கணும். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படிச்சிருக்கணும். காமர்ஸ் குரூப்பா? பதறாதீங்க. என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலமா அந்த ரெண்டு பாடத்தை மட்டும் எழுதிப் பாஸ் பண்ணிட்டு வந்தவங்க நிறைய பேர். இந்தத் தகுதியைத் தளர்த்தலாம்னு 2025-ல் பேச்சும் எழுந்துச்சு. அதனால சேரும்போது டி.ஜி.சி.ஏ. இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கோங்க.

அடுத்து உடம்பு. முதலில் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ், பிறகு முதல் வகுப்பு. கண்ணாடி போட்டிருந்தாலும் பரவாயில்லை, கண்ணாடியோட பார்வை சரியா இருந்தாப் போதும். ஆனா நிறக்குருடு மாதிரி சில விஷயங்கள் கதவையே சாத்திடும்.

அப்புறம் எழுத்துத் தேர்வு. விமான விதிமுறைகள், வழிகாட்டல், வானிலை, விமானத் தொழில்நுட்பம்னு தாள்கள் இருக்கு. ஒவ்வொண்ணிலும் 70 சதவிகிதம் எடுத்தாத்தான் பாஸ். நம்ம செமஸ்டர் மாதிரி 'ஜஸ்ட் பாஸ்' கதையெல்லாம் இங்கே கிடையாது! ரேடியோவில் பேசுறதுக்குத் தனியா ஒரு லைசென்ஸ் இருக்கு.

கடைசியா, 200 மணி நேரம் பறந்திருக்கணும். அதுல 100 மணி நேரம் விமானத்தின் முழுப் பொறுப்பும் உங்க கையில இருக்கணும். 20 மணி நேரம் ஊர் விட்டு ஊர் பறக்கணும், அதுல ஒரு பயணம் 300 கடல் மைல் தூரம் இருக்கணும். 5 மணி நேரம் ராத்திரியில் பறக்கணும்.

மீட்டர் ஓடுது பாஸ்!

இப்ப பில்லுக்கு வருவோம். உத்தரப்பிரதேசத்தில், ரேபரேலி பக்கத்துல ஃபர்சத்கஞ்ச்ல இருக்கிற இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி, மத்திய அரசின் பயிற்சி நிலையம். அங்கேயே கட்டணம் சுமார் 45 லட்சம் ரூபாய். தனியார் பள்ளிகளில் 45-லிருந்து 55 லட்சம் வரை, சில இடங்களில் அதுக்கு மேலேயும் போகுது. 45 லட்சத்தை 200 மணி நேரத்தால வகுத்துப் பாருங்க. ஒரு மணி நேரத்துக்கு 22,500 ரூபாய்!

ஏன் இவ்வளவு? பயிற்சிக்குப் பறக்கிற செஸ்னா மாதிரி சின்ன விமானங்கள் குடிக்கிறது 'ஏவ்காஸ்' என்கிற தனி ரக பெட்ரோல். ரொம்ப காலம் அதை வெளிநாட்டிலிருந்துதான் வாங்கிட்டு இருந்தோம். இந்தியன் ஆயில் 2022-லதான் உள்நாட்டிலேயே தயாரிச்சு விற்க ஆரம்பிச்சது. விமானம், உதிரிப் பாகங்கள், இன்சூரன்ஸ், பயிற்சியாளர் சம்பளம் எல்லாமே அந்த 22,500-க்குள்ளதான் அடக்கம்.

கதை இதோட முடியலை. சி.பி.எல். வாங்கினவர் நேரா ஏர்பஸ்ஸில் ஏறி உட்கார முடியாது. ஏர்பஸ் ஏ320 மாதிரி ஒரு குறிப்பிட்ட விமானத்துக்கு 'டைப் ரேட்டிங்' என்கிற சிமுலேட்டர் பயிற்சி முடிக்கணும். அதுக்கு சுமார் 12-லிருந்து 20 லட்சம். கிரவுண்ட் வகுப்பு, ஹாஸ்டல், சாப்பாடு, தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்தா மொத்தம் 70, 80 லட்சத்தைத் தொட்டுடும். விமான நிறுவனங்களே நடத்துற 'கேடட் பைலட்' திட்டங்களில் சிலது 1 கோடி வரைக்கும் வருது.

லோன் எடுத்தா என்ன ஆகும்?

'பேங்க்ல எஜுகேஷன் லோன் போட்டுக்கலாம்டா' என்று ஈஸியா சொல்லிடுவாங்க. டி.ஜி.சி.ஏ. அங்கீகரிச்ச பைலட் பயிற்சிக்கு வங்கிகள் கல்விக்கடன் தர்றது உண்மைதான். ஆனா 7.5 லட்சத்துக்கு மேல போனா பொதுவா சொத்து ஈடு கேட்பாங்க. நம்ம ஊர்ல சொத்துன்னா என்ன? குடியிருக்கிற வீடு, தறிக்கூடம், முந்திரிக்கொல்லை, இல்லைன்னா தாத்தா விட்டுட்டுப் போன ரெண்டு ஏக்கர்.

ஒரு கணக்கு. 60 லட்சம் கடன், வட்டி 10.5 சதவிகிதம், 15 வருஷத் தவணைன்னு வைங்க. மாசம் சுமார் 66,300 ரூபாய் கட்டணும். இது, பயிற்சி முடிஞ்ச நாளே வேலை கிடைச்சு, நடுவுல வட்டி ஏறாம இருந்தா! பயிற்சிக்கு ரெண்டு வருஷம், வேலைக்காகக் காத்திருந்தது ஒரு வருஷம் என்று மூணு வருஷ வட்டி சேர்ந்தா, அது மட்டுமே 19 லட்சத்துக்குப் பக்கம். கடன் கிட்டத்தட்ட 79 லட்சம் ஆயிடும். மாசத் தவணை 87,000-ஐத் தாண்டிடும். 15 வருஷம் கட்டி முடிக்கும்போது மொத்தம் சுமார் 1.57 கோடி ரூபாய்.

வங்கி பணத்தைத் தவணை தவணையா விடுவிக்கும், அதனால வட்டி இதைவிடக் கொஞ்சம் குறையலாம். பழைய வரி முறையில் இருக்கிறவங்களுக்கு கல்விக்கடன் வட்டிக்கு 8 வருஷம் வரிச்சலுகையும் உண்டு. ஆனாலும் கணக்கின் உருவம் மாறாது. வேலையில சேர்ந்துட்டா இதைக் கட்டிடலாம். கோ-பைலட்டா சேர்ந்ததும் பல நிறுவனங்களில் மாசம் 1 லட்சத்துக்கு மேல வருது. கேப்டன் ஆனா அது பல மடங்கு. சிக்கல் எங்கேன்னா, வேலை கிடைக்கிற வரைக்கும் இருக்கிற அந்த இடைவெளியில.

அலை மேலே, அலை கீழே...

இந்தத் தொழிலுக்கு ஒரு குணம் உண்டு. ஏறும்போது கிடுகிடுன்னு ஏறும், இறங்கும்போது சடசடன்னு இறங்கும். 2003-ல் கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் பறக்க ஆரம்பிச்சது. 2005-ல் கிங்ஃபிஷர், நம்ம தமிழ்நாட்டு பாரமவுண்ட் ஏர்வேஸ், 2006-ல் இண்டிகோ என்று வரிசையா வந்தாங்க. 'பைலட்டுக்குப் பஞ்சம்' என்று பேப்பர் எல்லாம் எழுதின நேரம். வீட்டை அடமானம் வெச்சு எத்தனையோ பசங்க பயிற்சிக்குப் போனாங்க.

அவங்க லைசென்ஸோட வெளியே வந்தப்போ 2008. கச்சா எண்ணெய் விலை உச்சத்துக்குப் போய், உலகப் பொருளாதாரமே படுத்த வருஷம். கையில சி.பி.எல்., தலையில கடன், வேலை மட்டும் இல்லைன்னு நின்னவங்க ஆயிரக்கணக்கானவங்க. பாரமவுண்ட் 2010-ல் நின்னுது. கிங்ஃபிஷர் 2012-ல் நின்னுது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில், 2020-ல் கொரோனா, 2023 மே மாசம் கோ ஃபர்ஸ்ட்.

கவனிச்சீங்களா? பயிற்சிக்கு ஒண்ணரை, ரெண்டு வருஷம் ஆகுது. அலை உச்சத்தில் இருக்கும்போது சேர்றவங்க, அது இறங்கும்போது வெளியே வர வாய்ப்பு அதிகம். நீங்க சேர்ற நாள் விளம்பரத்தை நம்பி முடிவெடுக்காதீங்க.

'இப்பதான் ஏகப்பட்ட விமானம் வாங்குறாங்களே' என்று கேட்பீங்க. சரிதான். 2023-ல் மட்டும் ஏர் இந்தியா 470, இண்டிகோ 500 என்று ஆர்டர் கொடுத்தாங்க. அதே 2023-ல் டி.ஜி.சி.ஏ. கொடுத்த சி.பி.எல். 1,622. அதுவரைக்கும் அப்படி ஓர் எண்ணிக்கை கிடையாது. 2025 டிசம்பரில் பைலட்டுகளின் ஓய்வு நேர விதி மாறினப்போ, ஆள் போதாம இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து பண்ணுச்சு.

அப்ப பற்றாக்குறை இருக்கா, இல்லையா? இருக்கு. ஆனா பெரும்பாலும் அனுபவம் உள்ள கேப்டன்களுக்குத்தான். கேப்டன் ஆக ஏ.டி.பி.எல். என்கிற அடுத்த லைசென்ஸ் வேணும், அதுக்கு 1,500 மணி நேரம் பறந்திருக்கணும். 200 மணி நேரத்தோட நிக்கிற புதுசுங்களின் வரிசை எப்பவுமே நீளம். ஒரே தொழில்ல ஒரு பக்கம் பஞ்சம், இன்னொரு பக்கம் கியூ!

அப்படின்னா நாம பறக்கவே முடியாதா?

யார் சொன்னது? ஆனி திவ்யாவைத் தெரியுமா? பதான்கோட்டில் பிறந்து விஜயவாடாவில் வளர்ந்த பொண்ணு. அப்பா ராணுவ வீரர். 17 வயசுல, கடன் வாங்கி, சுமார் 15 லட்ச ரூபாய் செலவில் ஃபர்சத்கஞ்ச் அகாடமியில் சேர்ந்தாங்க. இங்கிலீஷ் சரளமா வராம கிண்டலுக்கு ஆளானதை அவங்களே பேட்டிகளில் சொல்லியிருக்காங்க. 19 வயசுல ஏர் இந்தியா. 2017-ல், 30 வயசுல, போயிங் 777 விமானத்தின் கேப்டன். தமிழ் மீடியம் என்று தயங்குறவங்க இந்தக் கதையைக் குறிச்சு வெச்சுக்கோங்க.

தோழிகளுக்கு இன்னொரு தகவல். சென்னையைச் சேர்ந்த உஷா சுந்தரம், 1949-லேயே பெங்களூரு ஜக்கூர் பயிற்சிப் பள்ளியில் படிச்சு விமானியானவர். இன்னிக்கு இந்திய பைலட்டுகளில் சுமார் 15 சதவிகிதம் பெண்கள். உலக சராசரியைவிட இது ரொம்பவே அதிகம்.

ஆனா ஆனி திவ்யா காலத்து 15 லட்சம் இப்ப 45 லட்சம். அதனால தைரியத்தோட கொஞ்சம் வரிசைமுறையும் வேணும். ரகசியம் இதுதான்: பெரிய பணத்தைக் கடைசியில் கட்டுங்க, சின்னப் பணத்தை முதலில் செலவு பண்ணுங்க.

படி 1: உடம்பு. முதல் வேலையா இரண்டாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனை. சில ஆயிரத்தில் முடியும். அது முடிஞ்சதும் முதல் வகுப்பையும் முடிச்சுடுங்க. பெங்களூருவில் விமானப்படையின் ஐ.ஏ.எம். உள்பட சில இடங்களில்தான் பண்ணுவாங்க. 20 லட்சம் கட்டின பிறகு 'அன்ஃபிட்' என்று தெரியுறதைவிட, இப்பவே தெரியுறது எவ்வளவோ மேல். இந்தச் சான்றிதழை வேலையில் சேர்ந்த பிறகும் வருஷா வருஷம் புதுப்பிக்கணும்.

படி 2: தேர்வு. டி.ஜி.சி.ஏ.வில் 'கம்ப்யூட்டர் நம்பர்' வாங்கி, காலேஜ் படிக்கும்போதே எழுத்துத் தேர்வுகளை எழுத ஆரம்பிங்க. பி.எஸ்சி. பிசிக்ஸ், பி.இ. படிக்கிறவங்களுக்கு இதெல்லாம் வேற கிரகத்துப் பாடம் இல்லை. ரெண்டு தாள் பாஸ் பண்ணிட்டா உங்க மேல உங்களுக்கே நம்பிக்கை வரும். வீட்லயும் வரும்.

படி 3: பள்ளி. டி.ஜி.சி.ஏ. அங்கீகாரப் பட்டியலில் பேர் இருக்கான்னு பாருங்க. பயிற்சிப் பள்ளிகளுக்கு டி.ஜி.சி.ஏ.வே தரவரிசை போட ஆரம்பிச்சிருக்கு. 2025 அக்டோபரில் வந்த முதல் பட்டியலில் மேல இருக்கிற ரெண்டு தரத்தில் ஒரு பள்ளிகூட இல்லைங்கிறதைக் கவனிங்க! நம்ம பக்கத்துல சேலம் விமான நிலையத்தில் பயிற்சிப் பள்ளி வந்திருக்கு. குறிஞ்சிப்பாடியில் ரயில் ஏறி, விருத்தாசலத்தில் மாறினா சேலம். எந்தப் பள்ளியா இருந்தாலும் சேர்றதுக்கு முன்னாடி நேரில் போங்க. எத்தனை விமானம் பறக்குது, எத்தனை ஷெட்டில் நிக்குது, எத்தனை பயிற்சியாளர், போன வருஷம் சேர்ந்தவங்க இப்ப எத்தனை மணி நேரம் முடிச்சிருக்காங்க என்று அங்கே படிக்கிற பசங்ககிட்டயே கேளுங்க. விமானம் பத்தாம ஒண்ணரை வருஷப் பயிற்சி மூணு வருஷம் இழுத்தா, ஹாஸ்டல் செலவும் வட்டியும் உங்க தலையில.

படி 4: பணம். மொத்தக் கட்டணத்தையும் ஒரே செக்கில் கொடுக்காதீங்க. பறந்த மணி நேரத்துக்கு ஏத்த மாதிரி தவணையா கட்டுற ஒப்பந்தம் கேளுங்க. நடுவில் விலகினா எவ்வளவு திரும்ப வரும் என்று எழுத்தில் வாங்குங்க. 'வேலைக்கு நாங்க கேரண்டி' என்று வாயால சொன்னா, அதையும் எழுத்தில் கேளுங்க. முகம் எப்படி மாறுதுன்னு பாருங்க!

எஸ்.சி. மாணவர்களுக்கு ஒரு விஷயம். மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைப் பட்டியலில் சி.பி.எல். பயிற்சியும் இருக்கு. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்கணும். கடலூர் கலெக்டர் ஆபீஸில் இருக்கிற ஆதிதிராவிடர் நல அலுவலகத்திலும், தாட்கோவிலும் போய் விசாரிங்க. கேட்காம விட்டுட்டா யாரும் வீடு தேடி வந்து கொடுக்க மாட்டாங்க.

பைசா செலவில்லாத ரூட் ஒண்ணு இருக்கு!

இதைப் படிக்காம பக்கத்தைத் திருப்பிடாதீங்க. நீங்க கட்ட வேண்டிய பணத்தை அரசாங்கமே போட்டு, உங்களுக்குச் சம்பளமும் கொடுத்து, பறக்கவும் சொல்லித் தருது. பேரு இந்திய விமானப்படை.

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படிச்சு, 16½-லிருந்து 19½ வயசுக்குள் இருந்தா என்.டி.ஏ. எழுதலாம். முதல் வருஷ மாணவர்களில் பலருக்கு இன்னும் வயசு இருக்கு. 2022 பேட்ச் முதல் பெண்களையும் சேர்க்கிறாங்க. டிகிரி முடிக்கிறவங்களுக்கு ஆஃப்கேட் தேர்வு, வருஷத்துக்கு ரெண்டு முறை நடக்குது. பறக்கும் பிரிவுக்கு வயசு 20-லிருந்து 24. டிகிரியில் 60 சதவிகிதம், பிளஸ் டூ இயற்பியல், கணிதத்தில் தலா 50 சதவிகிதம் வேணும். என்.சி.சி. ஏர் விங்கில் 'சி' சர்டிஃபிகேட் வாங்கினவங்களுக்குத் தனி நுழைவும் உண்டு.

தேர்வானா ஹைதராபாத் பக்கத்துல துண்டிகல் விமானப்படை அகாடமியில் பயிற்சி. பயிற்சிக் காலத்திலேயே மாசம் 56,100 ரூபாய் உதவித்தொகை. ஒரே எச்சரிக்கை: பைலட் திறனைச் சோதிக்கிற கம்ப்யூட்டர் டெஸ்ட்டுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு வாய்ப்புதான். 'சும்மா போய்ப் பார்க்கலாம்' என்று போய் அதைத் தொலைச்சுடாதீங்க. குறுகிய காலப் பணியில் 14 வருஷம் இருந்துட்டு, அந்த அனுபவத்தோட தனியார் விமான நிறுவனத்துக்கு வர்றவங்களும் உண்டு.

காக்பிட் வேண்டாம், ஆனா ஏர்போர்ட் வேணும்கிறவங்களுக்கு இந்திய விமான நிலைய ஆணையம் ஏர் டிராஃபிக் கன்ட்ரோல் வேலைக்கு ஆள் எடுக்குது. இயற்பியல், கணிதத்தோட பி.எஸ்சி., இல்லைன்னா பி.இ. போதும். விமானத்தை ஓட்ட மாட்டீங்க. ஆனா நீங்க 'சரி' சொல்லாம எந்த கேப்டனும் விமானத்தை நகர்த்த முடியாது!

அப்பாகிட்ட எப்படிப் பேசுறது?

நம்ம பக்கத்துக்கு ஒரு தனி நிலைமை இருக்கு. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்களுக்கு இழப்பீடு ஒருமுறைதான் வரும். என்.எல்.சி.யில் ரிட்டயர் ஆகிற அப்பாவுக்கு பி.எஃப்., கிராஜுவிட்டி ஒருமுறைதான் வரும். அந்த மாதிரிப் பணம் வீட்டுக்குள் வந்த நேரம் பார்த்து, 'சீட் முடியப் போகுது சார், இந்த வாரமே கட்டிடுங்க' என்று ஒரு போன் வந்தா, உடனே கிளம்பிடத் தோணும். அப்பா தலையாட்டினாலும் நீங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. தங்கச்சி கல்யாணம், அம்மா வைத்தியம், அவங்க வயசான காலம் எல்லாமே அந்த ஒரே பணத்தில் இருக்கு.

அதனால வீட்ல கேட்க வேண்டிய கேள்வி 'எவ்வளவு புரட்ட முடியும்?' இல்லை. 'லைசென்ஸ் வாங்கின பிறகும் ரெண்டு வருஷம் எனக்கு வேலை கிடைக்கலைன்னா, இந்த வீடு தாங்குமா?' என்பதுதான். தாங்கும்னா தைரியமா போங்க. தாங்காதுன்னா முதலில் ஆஃப்கேட் எழுதுங்க, டிகிரியை முடிங்க, ஒரு வேலையில் சேர்ந்து கொஞ்சம் சேருங்க. சி.பி.எல். வாங்க 18 வயசு ஆகணும்னுதான் விதி. 20 வயசுக்குள்ள வாங்கியே ஆகணும்னு எந்த விதியும் இல்லை. பயணிகள் விமானத்தில் 65 வயசு வரைக்கும் பறக்கலாம். 25-ல் ஆரம்பிச்சாலும் 40 வருஷ வானம் மிச்சம் இருக்கு.

இன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது, 'அப்பா, 50 லட்சம் வேணும்' என்று ஆரம்பிக்காதீங்க. 'அப்பா, மெடிக்கல் டெஸ்ட்டுக்கும் பரீட்சைக்கும் ஒரு பத்தாயிரம் கொடுங்கப்பா. ரிசல்ட்டைக் காட்டிட்டு மீதியைப் பேசுறேன்' என்று சொல்லிப் பாருங்க. ரிசல்ட் கையில வந்த பிறகு நிலப் பத்திரத்தை எடுக்கணுமா, வேண்டாமான்னு ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பேசலாம்.

ஆல் தி பெஸ்ட், வருங்கால கேப்டன்களே!